வீட்டுப் பூஞ்சை

ஈரம் தங்கிய சுவர், கூரை, மரச்சாமான், துணி ஆகியவற்றில் படரும் நுண்பூஞ்சை, பேச்சுவழக்கில் பூசணம். கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைகள் பரவலானவை. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. அதனால் சுவர் காயக் கிடைக்கும் இடைவெளி குறைவு. அங்குள்ள பிலிகிரிரங்கன் மலைப்பகுதியில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இருமலைத் தரும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஓதமேறிய வீடுகளில் சுவாசக் கோளாறு மிகுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் உறுதிசெய்தன. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலை ஆஸ்பர்ஜில்லஸ் நேரடியாகவே தாக்கக்கூடும். கைக்குழந்தையையும் இளைப்பு நோயாளியையும் பூசணம் பிடித்த அறையில் படுக்கவைக்கவே கூடாது.

பூசணத்தின்மேல் பெயிண்ட் பூசி மறைப்பது பரவலான தவறு. முதலில் ஓட்டு ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் அடைக்க வேண்டும். நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பூஞ்சை பெரும்பாலும் வேர்பிடிக்காது. வீட்டினுள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்று நகர்த்தி வைக்கலாம். ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தக் கூடாது. சிறு திட்டுகளை முகக்கவசம், கையுறை அணிந்து சோப்புநீரால் தேய்த்துக் கழுவி உலரவிடலாம். பிளீச்சிங் திரவத்துடன் கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.