பயிற்சியாளர் மாற்றம் (கால்பந்து)

கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் விலகியோ விலக்கப்பட்டோ, அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவது பயிற்சியாளர் மாற்றம் எனப்படும். ஆட்டக்காரர் வழக்கில் இது ‘கோச் மாறிட்டாரு’ என்ற இரண்டே சொல். மாற்றம் முதலில் தொடுவது பயிற்சி நேரத்தை. அதன் பின்னர் அணியின் மனநிலையை. புள்ளிப் பட்டியலுக்கு அது கடைசியாகவே வந்து சேர்கிறது. கொங்கு நாட்டில் இதற்குக் கிடைக்கும் தெளிவான சான்று, 2017 தொடங்கி கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் மைதானமாகக் கொண்டு ஐ-லீக் என்ற தேசியத் தொடரில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்.

வகைகள்

காலத்தையும் காரணத்தையும் கொண்டு மாற்றத்தை நான்காக வகுக்கலாம்.

1. பருவத் தொடக்க மாற்றம்: பழைய பருவம் முடிந்து, புதியது தொடங்குமுன் நிகழ்வது. வருபவருக்கு ஆள் தேர்வும் சில வாரப் பயிற்சியும் கையில் இருக்கும்.

2. பருவ நடு மாற்றம்: தொடர் தோல்வியை ஒட்டி நிகழ்வது. ஆட்டக்காரர் அனைவரும் முந்தையவர் எடுத்தவர்களாக இருப்பார்கள்.

3. இடைக்காலப் பொறுப்பு: துணைப் பயிற்சியாளரோ மூத்த ஆட்டக்காரரோ சில ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்பது. பயிற்சி முறை பெரும்பாலும் மாறுவதில்லை.

4. துறை மாற்றம்: ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளுக்கு உரியது. பயிற்சியாளரும் அலுவலகத்து ஆளே என்பதால், பணி ஓய்வோ இடமாறுதலோதான் மாற்றத்தைக் கொண்டுவரும். தோல்வி கொண்டுவருவது அரிது.

நான்காம் வகையே தமிழ்நாட்டில் மூத்தது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி முதலிய அணிகள் நெடுங்காலம் இம்முறையில் இயங்கின. சம்பளமும் பதவி உயர்வும் அலுவலகத்தின் கையில் இருந்ததால், கோச் மாறினாலும் ஆட்டக்காரரின் பிழைப்பு மாறவில்லை. இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அந்த நிம்மதி இல்லை.

தொடக்க வரலாறு

கால்பந்தின் ஆரம்ப நாட்களில் பயிற்சியாளர் என்ற பதவியே கிடையாது. இங்கிலாந்தில் அணியைக் குழு தேர்ந்தெடுத்தது. ஆட்டத்தை அணித்தலைவர் நடத்தினார். ‘டிரெய்னர்’ எனப்பட்டவர் காலுக்கு எண்ணெய் தேய்த்து, ஓட்டப் பயிற்சி தந்தார். இங்கிலாந்து தேசிய அணிக்கே முதல் மேலாளராக வால்டர் விண்டர்பாட்டம் 1946-இல்தான் அமர்ந்தார். அப்போதும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது குழுதான்.

தென்னிந்தியாவில் இவ்விளையாட்டு ராணுவ முகாம்களோடும் இருப்புப்பாதையோடும் பரவியது. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன பாதை 1862-இல் கோவையை ஒட்டிய போத்தனூரைத் தொட்டது. கோவை நகருக்கோ, போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கிப் பிரிந்த கிளைப்பாதை 1873-இல்தான் வந்தது. அவ்வகையில் போத்தனூர் கோவையைவிட ரயிலுக்கு மூத்த ஊர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த ரயில்வே காலனியும் சிக்னல் பணிமனையும் ஊருக்கு முகமாயின. இத்தகைய காலனிகளில் மாலை நேர ஆட்டம் வாழ்க்கையின் ஒரு பகுதி. கற்றுத் தந்தவர் மூத்த ஆட்டக்காரரே அன்றி, தனியாக நியமிக்கப்பட்டவர் அல்லர்.

இந்தியாவில் பயிற்சியாளர் பதவிக்கு முழு உருவம் தந்தவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும், 1950 முதல் தேசிய அணியையும் பயிற்றுவித்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடாமல் உடனுக்குடன் தட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே, வெட்டி ஆடுவதற்குத் தடை விதித்த போட்டிகளை உள்ளூரில் நடத்தினார். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவர் காலத்தவை. 1963 ஜூனில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலேயரான ஹாரி ரைட்டின் கீழ் அணி ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. அதுவும் ரஹீம் பழக்கிய கால்களின் மிச்ச வேகமே. இந்தியக் கால்பந்தின் சரிவு 1963-இல் தொடங்குகிறது. 1960-க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கை எட்டவில்லை.

சென்னை சிட்டி, 2017–2019

1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய இவ்வணி, ஐ-லீக்கில் இடம்பெற்று 2017 ஜனவரியில் முதல் ஆட்டம் ஆடியது. முதல் பருவத்தைத் தொடங்கியவர் ராபின் சார்லஸ் ராஜா. பருவ நடுவில் வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். பத்து அணிகளில் எட்டாம் இடம். சௌந்தரராஜன் முழுமையாக நடத்திய 2017-18 பருவத்திலும் அதே எட்டாம் இடம். இது இரண்டாம் வகை மாற்றத்தின் இயல்பைக் காட்டுகிறது: கப்பல் மூழ்கவில்லை, திசையும் மாறவில்லை.

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் வந்தார். முன்பு தம்பினீஸ் ரோவர்ஸ் அணியைப் பயிற்றுவித்தவர். இவருடையது பருவத் தொடக்க மாற்றம். பின்களத்திலிருந்தே சிறு சிறு பாஸ்களாகப் பந்தை நகர்த்தும் முறை வந்தது. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா ஆகியோர் ஸ்பெயினிலிருந்து சேர்ந்தனர். எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அதே முறைக்குள் பொருந்தினர். 2018 அக்டோபர் 26 அன்று இந்தியன் ஆரோஸை 4–1 என வென்றபோது மான்சி மூன்று கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, அப்பருவத்தின் கடைசி நாள். நேரு அரங்கில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக வென்றால் கோப்பை. தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் போகக்கூடும். போத்தனூர் சந்திப்பைக் கடக்கும் ஒரே தடத்தின் இரு ஊர்களில் ஒரு பட்டம் தொங்கியது. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா முந்தியது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்ய, பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி இதுவே. மான்சி 21 கோல்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். வெற்றியை வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் எழுதுவோர் உண்டு. ஆனால் முறை முன்னே வந்தது, ஆட்கள் முறைக்கேற்ப வந்தனர்.

ஒப்பீடு: சென்னையின் எஃப்.சி.

பருவ நடு மாற்றத்துக்கு விதிவிலக்கு ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற வேறோர் அணி. அதன் பயிற்சியாளர் ஜான் கிரிகரி 2017-18-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்று, மறு பருவம் அதே அணியைக் கடைசி இடத்துக்குக் கொண்டுபோனார். 2019-20 தொடக்கமும் சரியாக அமையாமல் நவம்பர் இறுதியில் விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ என முன்களத்தில் அதே ஆட்கள். ஆனால் அணி லீக்கில் நான்காம் இடத்துக்கு ஏறி, 2020 மார்ச் 14 இறுதிப்போட்டியில் ஏ.டி.கே.விடம் 1–3 எனத் தோற்றது.

பயிற்சியில் விளைவு

பருவத்துக்கு முந்தைய ஆறு, எட்டு வாரங்களில் உடல்திறன், பந்து நகர்வு, பந்தை இழந்த கணத்தில் யார் நெருக்குவது என எல்லாவற்றையும் மாற்றலாம். பருவ நடுவில் அது இயலாது. ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வுப் பயிற்சி, முந்தைய நாள் லேசான பயிற்சி போக, நடுவே இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சும். சென்னை சிட்டி கோவையிலிருந்து ஐஸ்வாலுக்கும் ஸ்ரீநகருக்கும் போய்வந்த வாரங்களில் அதுவும் இருந்ததில்லை. ஆகவே நடுவில் வருபவர் கார்னர், ஃப்ரீ கிக், தற்காப்பு வரிசை, முதல் பதினொருவர் ஆகியவற்றையே தொடுகிறார்.

மனநிலையில் விளைவு

புதிய பயிற்சியாளரின் எண்ணத்தை ஆட்டக்காரர் அவர் பேச்சைவிட ‘பிப்’பில்தான் படிக்கிறார்கள். பிப் என்பது பயிற்சி ஆட்டத்தில் அணி பிரிக்கச் சட்டைமேல் மாட்டும் வண்ண மேலங்கி. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன் ஒரே வண்ணத்தில் பதினொரு பேர் நின்றால், அதுவே முதல் பதினொன்று. மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்தவன் கைக்கு அந்த வண்ணம் வரும்போது அவன் ஓட்டம் மாறுகிறது. அது கைநழுவிய மூத்தவர் ஷூ கயிற்றைக் கட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருப்பார். முதல் சில வாரங்களின் சுறுசுறுப்பு இங்கிருந்து வருகிறது. இடம் உறுதியானதும் அது தணியும். அதன்பின் அணியைத் தாங்குவது பயிற்சியின் தரமே.

டச்சு லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் தெர் வீல், பயிற்சியாளரை நீக்கிய அணிகள் எழுந்தது உண்மை என்றாலும், அதேபோல் சரிந்தும் அவரை வைத்துக்கொண்ட அணிகளும் எழுந்தன எனக் காட்டினார். பருவ நடு மாற்றத்துக்கு இது பொருந்தும்.

இன்றைய நிலை

மான்சி 2020-இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாத்தாவுக்குச் சென்றார். நவாஸுக்குப் பின் சிங்கப்பூரின் சத்யசாகரா பொறுப்பேற்ற 2020-21 பருவம் கோவிட் காரணமாக மேற்கு வங்கத்திலேயே நடந்தது. அடுத்த பருவம் முதல் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை.