ரஹீம் வாத்தியார் வழி

சம்பா அறுத்த வயலில் தாள் குத்தக் குத்தப் பந்தாடும் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு, பி.டி. வாத்தியாராக நான் சொல்லிக்கொடுத்ததில் பாதி ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீமுடையது. இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த அவரும் பள்ளி வாத்தியார்தான். பலமில்லாத காலால் மட்டும் ஆடவைப்பார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டவிடமாட்டார். மேல்மடையில் தேக்கினால் கடைமடை காயும் என்று அறிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அந்தக் கண்டிப்பில்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் ஜர்னைலும் கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம். அந்தத் துணிச்சலை இன்றும் வியக்கிறேன்.

இடையில், 1960 ரோமில், பெருவுக்கு எதிராக நம் தமிழ்நாட்டுச் சைமன் சுந்தரராஜ் அடித்ததே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல். ரஹீமிடம் ஆடிய அவர் பின்னர் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். 1973இல் ரயில்வேயை 3-2 என வென்று கேரளம் தேசியக் கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராபியை முதன்முறை எடுத்தது. மூன்று கோல் அடித்த கேப்டன் மணியை எல்லோரும் சொல்வார்கள். அணியைப் பழக்கிய சைமனையும் நான் சேர்த்தே சொல்வேன்.