தொடரியல் சர்க்கரை

தொடரியல் சர்க்கரை என்பது, நிரல்மொழி ஒன்றின் ஆற்றலைக் கூட்டாமல், அதில் முன்பே எழுதக்கூடியதைச் சுருக்கமாக எழுத உதவும் தொடரமைப்பு ஆகும். 1964 இல் பிரித்தானியக் கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் பயன்படுத்திய உவமையிலிருந்து இப்பெயர் வந்தது.

எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்து உப்பளத்தில் வண்டியேறும் மூட்டைகளை எண்ணும் நிரல் ஒன்றைக் கொள்வோம். "மூட்டை = மூட்டை + 1" என்பதைச் சி போன்ற மொழிகளில் "மூட்டை++" எனச் சுருக்கலாம். "++மூட்டை" எனவும் எழுதலாம். தனி வரியாக நிற்கும்போது இரண்டும் ஒன்றே. வேறொரு கோவைக்குள் வந்தால், 40 மூட்டைகள் இருக்கையில் முன்னது 40 ஐயும் பின்னது 41 ஐயும் தரும். எழுதுபவருக்குச் சில எழுத்துகள் மிச்சம். பிறகு படிப்பவருக்கோ, கணக்கில் ஒரு மூட்டை பிசகும் வாய்ப்பு. சுவிஃப்ட் மொழி 2016 இல் வெளியான 3 ஆம் பதிப்பில் இக்குறிகளை நீக்கியது.

பைத்தானில் இவை இல்லை. எனினும், கோவைக்குள்ளேயே மதிப்பை இருத்தும் ":=" குறியைச் சேர்ப்பது பற்றி அங்கு 2018 இல் கடும் விவாதம் எழுந்தது. அதை ஏற்ற பின், மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு குறிக்கு இது பெரிய விலைதான். 2019 இல் 3.8 ஆம் பதிப்பில் அக்குறி இடம்பெற்றது.

தமிழில்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். தமிழில் "மழை பெய்தால்" என ஈற்றில் வரும். ஆகவே எழிலில் "@(மூட்டை > 40) ஆனால்" என எழுதி, "முடி" என்று முடிக்க வேண்டும். "@" கூடுதல் குறியே. ஆயினும் அதன் துணையால் சொல்வரிசை தமிழாகவே நிற்கிறது. "@(மூட்டை < 40) வரை" என்னும் மடக்கையும், குறைவாக இருக்கும் வரை எனத் தமிழறிந்த மாணவர் நேராகப் படிக்கலாம்.