ஐக்கிய அமெரிக்காவிற் சிறுவர் மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சை: வாய்ப்பு ஏற்றத்தாழ்வின் வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையும் அவற்றைச் செய்தோரையும் பற்றியே எழுதியுள்ளனர். அக்கண்டுபிடிப்புகள் எந்த நோயாளரைச் சென்றடைந்தன, எவரைச் சென்றடையவில்லை என்ற வினாவுக்கு அவர்கள் அளித்த இடம் சிறிதே. ஐக்கிய அமெரிக்காவிற் சிறுவர்க்குரிய மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சையின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. செல்வமும் அறிவும் ஒருங்கே குவிந்த அந்நாட்டில், சிகிச்சை வளர வளர அதனைப் பெறுவதிலிருந்த ஏற்றத்தாழ்வின் விளைவும் பாரதூரமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேற்றத்தாழ்வு பெரிதாகத் தோன்ற இடமிருக்கவில்லை. எவராலும் அதிகம் செய்ய முடியவில்லை என்பதே காரணம். பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய ஹாவி குஷிங், பேர்சிவல் பெய்லியுடன் சேர்ந்து, சிறுவரின் சிறுமூளையில் தோன்றும் கொடிய கட்டியொன்றை வேறுபடுத்தி 1925இல் அதற்கு மெடுலோபிளாஸ்ரோமா எனப் பெயரிட்டார். 1930இல் அவர் வெளியிட்ட ஆய்விற் கூறப்பட்ட 61 நோயாளருள் மூன்றாண்டுகள் கடந்தும் உயிர்வாழ்ந்தவர் ஒருவரே. அக்காலத்தின் தலைசிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கையிற்கூட நிலைமை இதுவாயின், அவரிடம் சென்ற பிள்ளைக்கும் செல்லாத பிள்ளைக்குமிடையே வேறுபாடு அதிகமில்லை. ஆயின் சிறுமூளையிலேயே தோன்றும் அஸ்ரோசைற்றோமா என்னும் மற்றொரு கட்டி பற்றி 1931இல் அவர் எழுதியவை வேறொரு செய்தியைத் தந்தன. அதனை முழுமையாக அகற்றினாற் பிள்ளை பிழைக்கும். அகற்றும் கையின் தேர்ச்சியே இங்கு உயிரைத் தீர்மானித்தது. ஏற்றத்தாழ்வின் தொடக்கத்தை இங்கேயே காணவேண்டும்.

1929இல் பிராங் இங்கிறகாம், பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையிற் சிறுவர்க்கெனத் தனியான நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவொன்றை அமைத்தார். அவரும் டொனால்ட் மற்சனும் எழுதி 1954இல் வெளிவந்த நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. 1953இல் மன்செஸ்ரர் நகரிலிருந்து, மூளையும் முள்ளந்தண்டும் முழுவதற்கும் கதிர்ச்சிகிச்சை அளித்ததன் நற்பேறுகள் வெளியாயின. 1971இல் இலண்டனிற் கணினிவழி ஊடுகதிர்ப் படமெடுக்கும் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டது. இவை யாவும் நற்செய்திகளே. எனினும் ஒவ்வொரு முன்னேற்றத்தோடும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டிய நிபுணரும் கருவிகளும் பெருகவே, அத்தகைய கூரைகள் பெருநகர்களுக்குரியனவாயின.

அக்கூரையின்கீழ் நுழையும் உரிமையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1946இல் இயற்றப்பட்ட ஹில்-பேர்ட்டன் சட்டம் வைத்தியசாலைகளைக் கட்டச் சமஷ்டி அரசின் நிதியை வழங்கியது. சமமான வசதி தனியாக உண்டெனின் இனவாரியாகப் பிரித்துவைக்கலாம் என்ற விதியும் அதே சட்டத்தில் இருந்தது. பொதுப்பணத்தாற் கட்டப்பட்ட மண்டபத்தினுள் கறுப்பினப் பிள்ளை நுழையமுடியாத நிலை இவ்வாறு சட்டத்தின் துணையோடே நிலவியது. வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோ நகரிற் பல் வைத்தியராயிருந்த ஜோர்ஜ் சிம்கின்ஸும் ஏனைய கறுப்பின வைத்தியர்களும் நோயாளரும் 1962இல் இரு வைத்தியசாலைகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றிற் தோற்ற அவர்கள் 1963இல் மேன்முறையீட்டில் வென்றனர். இவ்வழக்கை எடுத்து விசாரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் 1964இல் மறுத்தமையால் அத்தீர்ப்பு நிலைபெற்றது. அதே ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. எனினும் சட்டத்தைவிடப் பணமே விரைந்து வேலைசெய்தது எனலாம். முதியோர்க்கான மெடிகெயார் காப்புறுதித் திட்டம் 1966 யூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பிரிவினையைக் கைவிடாத வைத்தியசாலைக்கு அந்நிதி இல்லை என அரசு அறிவித்தது. சில மாதங்களுள் ஆயிரக்கணக்கான வைத்தியசாலைகள் தம் வாயில்களைத் திறந்தன. முதியோருக்கான நிதி சிறுவர் விடுதிகளையும் திறந்துவைத்தது வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று.

ஆயினும் வாயில் திறந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வறியோர்க்கான மெடிகெயிட் திட்டம் 1965இல் தோன்றியது. அது மாநிலங்கள்தோறும் தனித்தனியே நிருவகிக்கப்படுவதால், ஒரு மாநிலத்துப் பிள்ளையை வேறொரு மாநிலத்து நிபுணரிடம் அனுப்புவது இலகுவானதன்று. மறுபுறம், நிபுணத்துவத்தின் பெறுமதி எண்களால் நிறுவப்படலாயிற்று. பொது நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணரைவிடச் சிறுவர்க்கெனச் சிறப்புப் பயிற்சி பெற்றோரே கட்டியை அதிக அளவில் அகற்றினர் என 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. 1988 முதல் 2000 வரையான தரவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ஆண்டுக்கு 4 அல்லது அதற்குக் குறைந்த சிறுவர்க்கே இச்சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலைகளில் இறப்பு வீதம் 2.3 ஆகவும், 20க்கு மேற்பட்டோர்க்குச் செய்தவற்றில் 1.4 ஆகவும் இருந்தது. இவ்வேறுபாடு சிறிதெனச் சிலர் கருதலாம். ஆனாற் பிழைத்த பிள்ளை நடக்குமா, பேசுமா, பாடசாலை செல்லுமா என்பவை இறப்பு வீதத்தில் அடங்குவனவல்ல.

ஒரு பிள்ளை தகுந்த இடத்தை அடையாமற் போவது எவ்வாறு? இக்கட்டியின் முதல் அறிகுறிகளான காலைத் தலையிடி, வாந்தி, தள்ளாடும் நடை ஆகியவை வயிற்று நோய் எனவோ வேறு சிறு நோய் எனவோ எளிதிற் கருதப்படக்கூடியவை. ஒழுங்காகச் சென்று காட்ட ஒரு குடும்ப வைத்தியர் இல்லாத வீட்டில் இவை வாரக்கணக்கிற் கவனிக்கப்படாதிருக்கும். மூளையில் நீர் தேங்கி நினைவு மங்கும்போது, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கே பிள்ளை அவசரமாகக் கொண்டுசெல்லப்படும். அங்கு யார் கடமையிலுள்ளாரோ அவரே கத்தியை எடுக்க நேரும். நிபுணரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, நேரத்தையும் தகவலையும் உடையவர்க்கே கிட்டுகின்றது.

பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை இவ்வரலாற்றின் முரண்களைத் தன்னுள்ளே கொண்டது. நிறம் பாராது வறியோரை ஏற்கவேண்டும் என அதன் நிறுவுநர் 1873இல் எழுதிவைத்தார். இருந்தும் கறுப்பினத்தவர்க்குத் தனி விடுதிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அங்கு நீடித்தன. 1984இல், டெற்றொயிற்றின் வறிய கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்த பென் கார்சன் அங்கு சிறுவர் நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவரானார். தனியொருவரின் உயர்வை வைத்து அமைப்பே மாறிவிட்டது என முடிவுகட்டுவோர் உளர். அதே கார்சன் ஆசிரியருள் ஒருவராயிருந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு அம்முடிவை ஆதரிக்கவில்லை. இத்தகைய சத்திரசிகிச்சையை அதிகம் செய்யும் வைத்தியசாலைகளை அடைவதில் இனப் பின்னணியும் குடும்பம் வாழும் பகுதியின் பொருளாதார நிலையும் இன்னும் இடையூறாயிருப்பதை அது எடுத்துக்காட்டியது.

வேறு வழியொன்றும் முயலப்பட்டுள்ளது. 1962இல், இனப்பிரிவினை நிலவிய மெம்பிஸ் நகரிலே திறக்கப்பட்ட சென் யூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலை எல்லா இனப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் ஏற்றது. சிகிச்சைக்கு மட்டுமன்றிப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் குடும்பத்திடம் பணம் பெறப்படவில்லை. கட்டணத்தை நீக்கினாலும் பயணச் செலவு தடையாய் நிற்கும் என்பதை அதன் அமைப்பாளர் உணர்ந்திருந்தனர். எனினும் அங்கும் பிள்ளை பொதுவாக ஊர் வைத்தியர் ஒருவரின் பரிந்துரையோடே சென்றது. அப்பரிந்துரையை எழுத வைத்தியர் அருகில் இல்லாத ஊர்களுக்கு அவ்விலவசமும் தொலைவிலேயே இருந்தது.