அருவியாற்று வழியே ஓர் ஆங்கில மாலுமி

வன்னி நாட்டின் பழங்கதையை எண்ணுந்தோறும் பண்டாரவன்னியனின் வாளே நம் மனக்கண்முன் தோன்றும். அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இக்காட்டு வழியே நடந்த வெள்ளையன் ஒருவனை நம்மிற் சிலரே அறிவர். அவனே றொபேட் நொக்ஸ்.

1641 இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பலில், அதன் தலைவராகிய தந்தையாருடன் கீழைத்தேசம் வந்தான். புயலால் இழந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் தேடிக் கப்பல் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையும் மைந்தனும் உட்படப் பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். அப்பொழுது நொக்ஸுக்கு வயது 19. மறு ஆண்டிலேயே தந்தையார் காய்ச்சலால் மாண்டார். மைந்தனே அவரை அடக்கஞ் செய்தான்.

அச்சிறைக்குச் சுவரில்லை, தளையுமில்லை. ஆயினும் நாட்டை விட்டு வெளியேற வழியுமில்லை. தொப்பி பின்னி விற்றான்; நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றான். ஒரு தொப்பியைக் கொடுத்துப் பழைய ஆங்கில வேதாகமம் ஒன்றையும் வாங்கினான்.

1679 செத்தெம்பரில் ஸ்தேவன் றத்லண்ட் என்னும் தோழனுடன், வியாபாரி வேடத்தில் அநுராதபுரம் வரை வந்தான். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையே வழி. அதனையன்றோ நாம் அருவியாறு என்கிறோம்! ஆறு எப்படியும் கடலைச் சேரும் என்பது ஒன்றே அவர்களின் துணை. யானைக்கு அஞ்சினர்; வழியில் எதிர்ப்படும் தமிழர் தம்மைப் பிடித்து அரசனிடம் அனுப்பிவிடுவரோ என்றும் அஞ்சினர். ஒக்டோபர் 18 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

1681 இல் வெளியான அவனது நூலுக்கு முன்னுரை எழுதியவர், விஞ்ஞான வகுப்பில் நாம் படித்த 'ஊக்கின் விதி'க்குரிய றொபேட் ஊக் ஆவார். கண்டியரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே தமக்கெனத் தலைவனையுடைய வன்னியர் நாட்டை அந்நூல் குறிப்பிடுகிறது. நம் மண்ணுக்கு அது பெருஞ் சான்று. 1719 இல் டீபோ எழுதிய 'றொபின்சன் குறூசோ'வுக்கும் நொக்ஸின் வாழ்வு ஒரு தூண்டுதல் என்பர் அறிஞர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் மகிழ்ந்திருப்போம். ஆனால் பின்னர் கப்பற்றலைவனான நொக்ஸ், 1684 இல் மடகாஸ்கருக்குச் சென்று, சென் எலேனாத் தீவிலிருந்த ஆங்கிலக் குடியேற்றத்துக்காக அடிமைகளை வாங்கினான். பத்தொன்பது ஆண்டுகள் பிறர் பிடியில் வாடியவனே மனிதரை விலைக்கு வாங்கினான்! அவர்களுக்கு ஓர் அருவியாறு இருக்கவில்லை. 1720 இல் நொக்ஸ் இறந்தான். அவன் கதை உலகெங்கும் பரவியது. அவன் கப்பலில் ஏற்றப்பட்டோரின் கதையை எழுதுவாரில்லை.

அன்பர்களே! தாம் பட்ட துன்பம் எல்லோரையும் இரக்கமுடையோர் ஆக்கிவிடுவதில்லை. அத்துன்பத்தைப் பிறருக்குச் செய்யோம் என்னும் உறுதியும் வேண்டும். வன்னி மண்ணிலே துன்பத்தை நன்கறிந்த நாம், இதனை மறவாதிருப்போமாக.