மீட்டற் பாடமும் வினோதக் கணக்கும்

மாத்தளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவை அடுத்து அமைந்தது லக்கல. அம்மலைப்பக்கத்துப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்க வந்த யான், கணித ஆசிரியர் இன்மையால் கணித, விஞ்ஞான மீட்டல் வகுப்புகளையும் சில ஆண்டுகளாக நடத்தி வருகின்றேன். வெளிவாரிப் பரீட்சார்த்தியாக இருந்து கலைமாணிப் பட்டம் பெற்றவனுக்கு இஃது இயல்பான தொழிலன்று. எனினும் வரலாறு கற்றவனுக்கு ஒரு வசதியுண்டு. கணக்கொன்றைக் காணுமிடத்து, இதனை முதலிற் போட்டவர் யாவர், எதன் பொருட்டுப் போட்டார் என்று வினவும் பழக்கம் அவனை விட்டு நீங்குவதில்லை.

மீட்டல் என்பது முன் அறிந்ததை மீளவும் அறிதலாகும். அதனாலேயே அது மாணாக்கர்க்குச் சுவையற்றதாகின்றது. பிற்பகல் வகுப்பிற் பசியும் அலுப்பும் ஒருங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளை விழிக்கச் செய்வதற்கு வினோதச் செய்தி ஒன்றைப் போலச் சிறந்த கருவி வேறில்லை. ஆயின் அக்கருவி இருபுறமும் கூருடையது. யான் அதனை அறிந்துகொண்ட வகையை முதலிற் கூறிவிடுகின்றேன்.

செங்கோண முக்கோணி பற்றிய மீட்டலின்போது, போதாயனர் பெயரால் இக்காலத்துப் பரவலாக வழங்கும் தமிழ்ப் பாட்டொன்றின் கருத்தைக் கரும்பலகையில் எழுதினேன். நெடிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றை நீக்கி, எஞ்சியதனோடு குறிய பக்கத்தின் பாதியைக் கூட்டினாற் செம்பக்கம் வரும் என்பது அதன் கருத்து. பக்கங்கள் 3, 4 ஆயின், 4 இலிருந்து அரையை நீக்கி ஒன்றரையைக் கூட்ட 5 வருகின்றது. 5, 12 ஆயின் 13 வருகின்றது. "வர்க்கமூலமே வேண்டாத முறை, பைதகரசுக்கும் முந்தியது" என்று பெருமிதத்தோடு கூறி முடித்தேன். மறுவாரம் மாணவி ஒருத்தி, விளையாட்டிடத்தில் 8 மீற்றரும் 15 மீற்றரும் அளந்து கயிறு கட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். கயிறு 17 மீற்றர். சூத்திரம் தந்ததோ 17 மீற்றரும் பன்னிரண்டரைச் சதமமீற்றரும். "ஐயா, சூத்திரம் பிழையா, கயிறு பிழையா?" என்று வினவினாள். பிழை என்னுடையது. சொல்லுமுன் யான் மூன்றாவது முக்கோணி ஒன்றையேனும் சோதித்துப் பார்த்தேனல்லேன்.

அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து கணித்தபோது அச்சூத்திரத்தின் உண்மை இயல்பு புலப்பட்டது. அது எக்காலத்துச் சரியாகும் என்று கேட்டால், இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கின்றது. குறும்பக்கத்தை நெடும்பக்கத்தால் வகுத்துவந்த விகிதத்தின் வர்க்கத்தை 48 ஆற் பெருக்குக. அதிலிருந்து அவ்விகிதத்தின் 56 மடங்கைக் கழித்து 15 ஐக் கூட்டுக. வருவது பூச்சியமாதல் வேண்டும். இதன் தீர்வுகள் இரண்டே: நாலில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. அஃதாவது, உலகிலுள்ள எண்ணிறந்த செங்கோண முக்கோணி வடிவங்களுள் இரண்டே இரண்டுக்குத்தான் அச்சூத்திரம் மெய்யாகும். அவ்விரண்டுமே எல்லாரும் எடுத்துக்காட்டும் இரண்டு! பக்கங்கள் 7, 24 ஆயின் 25க்குப் பதில் இருபத்துநாலரை வருகின்றது. ஆயினும் அதனை இகழ்தல் தகாது. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் மூன்றிலொன்றுக்குக் குறையாதவிடத்து வழு நூற்றுக்கு மூன்றை எட்டாது. கூரைமரம் அறுக்கும் தச்சனுக்கு விரைவிற் கைகொடுக்கக்கூடிய அண்ணளவு அது. அண்ணளவு என்ற சொல்லை விட்டுவிட்டமையே குற்றம்.

போதாயனர் பெயரால் வழங்கும் சுல்ப சூத்திரம் வடமொழி நூல் என்பதும், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேலமைந்த சதுரம் இரு பக்கங்களின் மேலமைந்த சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்னும் விதியே அதிற் காணப்படுகின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கன. இரண்டின் வர்க்கமூலத்துக்கு அந்நூல் தரும் பெறுமானம் 408 இல் 577 ஆகும். ஐந்து தசம தானம் வரை அது பிழையற்றது. உண்மையான பெருமை இவ்வாறிருக்கப் போலிப் பெருமையை நாடியது ஏனோ என்று யானே என்னை நொந்துகொண்டேன்.

நிற்க. வினோதங் காட்டிக் கணக்குப் பயிற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனஞ் செய்யப்பட்டது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ பலாப்பழத்தை அறுக்காமலே சுளையெண்ணும் வழி போன்ற விநோதங்களையும் கணக்கோடு சேர்த்துக் கூறிற்று. எண்சுவடியின் பின்னங்களிலே மறைந்துகிடக்கும் அழகினை இற்றை மாணாக்கர் அறியார். ஒன்றை இருபதாக வகுத்தது மா. எண்பதாக வகுத்தது காணி. இவ்விரண்டையும் கூட்டுக: எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அப்பதினாறில் ஒன்றின் பெயர் மாகாணி! பெயரே கூட்டல் விடையாக அமைந்த எண் வேறெங்கேனும் உண்டோ என யான் அறியேன். பின்னக் கூட்டலை மீட்டும் நாளில் இதனைச் சொன்னால், பொதுப்பகுதி காண்பதை ஒருவரும் மறப்பதில்லை.

320 இல் ஒன்று முந்திரி. அவ்வெண் 5 ஐ 64 ஆற் பெருக்க வருவது. ஆதலால் காலுக்கு 80 முந்திரி, அரைக்காலுக்கு 40, மாகாணிக்கு 20, ஐந்திலொன்றாகிய நாலுமாவுக்கு 64 என யாவும் முழுவெண்ணாகவே நிற்கின்றன. மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் இதற்குள் அடங்கா. முந்திரியை மீளவும் 320 ஆக வகுத்தது கீழ்முந்திரி. அதனை 21 ஆக வகுத்தது இம்மி. மூன்றையும் ஏழையும் பெருக்கினால் 21 என்பதை நோக்குமிடத்து, முன்னர் வெளியே நின்ற அவ்விரண்டு எண்களும் இங்கே உள்ளே நுழைந்துவிட்டமை தெளிவாம். இம்மியளவும் பிசகாது என்று நாம் நாள்தோறும் கூறுகின்றோமே, அவ்விம்மி 21,50,400 இல் ஒரு பங்கு. காரணிப்படுத்தலுக்கு இதனினும் இனிய பயிற்சி யாதுளது?

இனி, கிரகண கணிதத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஒளியும் நிழலும் பற்றிய பாடத்துக்கு இதுவே என் வகுப்பிற் பெரிதும் விரும்பப்படும் கதை. சூரியனை வெள்ளி கடப்பதைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி இந்து சமுத்திரத்துக்கு வந்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டமையாற் கரையிறங்க முடியாது, கடலிற் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்காகக் காத்திருந்தார். 1769இல் புதுச்சேரியிலே கருவிகளை ஆயத்தஞ் செய்து நின்றபோது முகில் மூடிவிட்டது. நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டார் என்றே முடிவு செய்யப்பட்டிருந்தது. இத்துணை இடருக்கிடையிலும் புதுச்சேரியில் அவர் ஒரு பயன் பெற்றார். தமிழர் கிரகணங் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஓகஸ்ட் 30ஆந் தேதிச் சந்திரகிரகணத்தின் நீடிப்பை அத்தமிழ் முறையாற் கணித்தபோது வந்த வழு 41 செக்கன். ஐரோப்பாவில் அன்று புகழோங்கியிருந்த தொபியாஸ் மேயரின் அட்டவணைகளால் வந்த வழு 68 செக்கன்.

வகுப்பு இவ்விடத்திற் கைதட்டும். கதையை இங்கே நிறுத்துவோரே பலர். நிறுத்துதல் ஆகாது. 1825இல் சென்னையில் வெளிவந்த 'கால சங்கலித' என்னும் நூலில், ஜோன் வாரன் என்பார் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். நிலத்திற் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களாக மனனஞ் செய்த அட்டவணைகளைக் கொண்டு, அவர் கிரகணம் கணித்துக் காட்டினார். அம்முறையின் அடிப்படைக் கொள்கைகள் அவருக்குத் தெரியா. நினைவாற்றல் ஒன்றே துணை. 1825 மே 31 இரவுக் கிரகணத்தை அவர் கணித்தபோது, தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வழுவின. இதனை ஓற்றோ நொய்கபாவர் 1952இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். 41 செக்கனும் நம்முடையதாயின் 52 நிமிடமும் நம்முடையதே. ஒரு கிரகணத்திற் கிடைத்த நுட்பம் முறையின் நுட்பத்துக்குச் சான்றாகாது என்பதைப் பரிசோதனைப் பாடத்தில் வழு பற்றிக் கூறும்போது இக்கதை கொண்டே விளக்குகின்றேன்.

இலங்கையிலும் இதன் தொடர்ச்சி ஒன்றுண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் தலைவரான அமெரிக்க மிசனரி டானியல் பூவர், 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணத்தைத் தாமே கணித்து, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்போடு ஒப்பிட்டார். இருவர் கணிப்பும் வேறுபட்டன. அவ்விரவு வானைப் பார்த்திருந்தோர்க்குப் பூவர் கணிப்பே பொருந்தியது. பூவரின் நோக்கம் வானியல் மட்டுமன்று, சமயமும் கலந்தது என்பதை யாம் மறக்கவேண்டுவதில்லை. எனினும் அன்று தீர்ப்பளித்தது பூவரும் அல்லர், சாஸ்திரியாரும் அல்லர். நிலவின் மேல் விழுந்த நிழல்.

தொலைவிடத்துச் செய்திகளே வேண்டும் என்பதில்லை. அநுராதபுரக் காலத்து ஜயகங்கை கலாவாவியிலிருந்து திசாவாவி வரை 87 கிலோமீற்றர் செல்வது. மைலுக்கு 6 அங்குலமே சரிந்தது என்று அதனைப் புகழ்வர், புகழத்தக்கதே. ஆனால் அச்சரிவு முதல் 17 மைலுக்கு உரியது என்ற தொடர் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றது. என் வகுப்பில் முதலில் விகிதமாக்கச் சொல்வேன்: 10,560 இல் ஒன்று. பின்னர் 17 மைலுக்கு மொத்தச் சரிவு எட்டரை அடி என்பதைக் காணச் சொல்வேன். விடுபட்ட தொடரைச் சேர்த்த பின்னும் வியப்புக் குறையவில்லை என்பதை அவர்களே காண்பர்.

லக்கலப் பிள்ளைகளுக்கு இன்னும் அணுக்கமான நீர் களுகங்கை நீர்த்தேக்கம். 2018இல் அதில் நீர் நிரப்பத் தொடங்கிய பின் பழைய லக்கல நகர் நீருள் ஆயிற்று. அதன் கொள்ளளவு 24.8 கோடி கன மீற்றர் என்றால் ஒருவர் மனத்திலும் ஒன்றும் பதிவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் பரப்பு 1,993 சதுர கிலோமீற்றர். அந்நீர் முழுவதையும் மாவட்டம் எங்கும் பரப்பினால் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று கேட்பேன். ஆளுயரம் என்பாரும் பனையுயரம் என்பாரும் உளர். வகுத்துப் பார்க்க வருவது ஏறத்தாழ 12.4 சதமமீற்றர், அரைச்சாணுக்குச் சற்றே கூடியது. தம் வீடிருந்த இடத்தை மூழ்கடித்த நீர் அவ்வளவுதானா என்று ஒரு சிறுவன் கேட்டபோது, வகுப்பிற் சிறிது நேரம் அமைதி நிலவியது. பள்ளத்தாக்கிற் குவிந்த நீரும் பரந்த நீரும் ஒன்றல்ல என்பதைப் பின்னர் அமுக்கம் பற்றிய பாடத்தில் எடுத்துக்கொண்டோம்.

இறுதியாகக் கணக்கதிகாரத்துப் பலாப்பழம். காம்பருகே சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தாற் சுளைத்தொகை வரும் என்பது அதன் விதி. பலா ஒரு கூட்டுக்கனி. மேலுள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. கருக்கட்டிய பூவே சுளையாகும். கருக்கட்டாதவை சுளைகளுக்கிடையே சக்கையாய்க் கிடக்கும். எனவே எத்தனை சுளை என்பது மகரந்தச் சேர்க்கையையும் பொறுத்தது. காம்படி முட்கள் மட்டும் அதனை எவ்வாறு அறியும்? ஆயினும் முன்னைய பாடம் நினைவிலிருந்தமையால் யான் விதியை மறுக்கவும் இல்லை, புகழவும் இல்லை. பழமொன்றை மேசைமேல் வைத்தேன். காம்பருகு என்பது எந்த வரிசை வரைக்கும் என்பதில் முதல் வாங்கு பிள்ளைகளுக்கும் இரண்டாம் வாங்கு பிள்ளைகளுக்கும் வழக்கு உண்டாயிற்று. ஒரு சாரார் 19 என்றனர்; மறு சாரார் 27 என்றனர். வழக்குத் தீருமுன் மணி அடித்துவிட்டது. பழத்தை மறுநாள் வரை வைத்திருக்க வேண்டும் என்ற என் வேண்டுகோள் மட்டும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.