படுக்கைப் புண் தடுப்பு

தானாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளியின் தோலும் தசையும் அழுத்தத்தால் செத்துப்போகாமல் காக்கும் செவிலியர் பணி படுக்கைப் புண் தடுப்பு ஆகும். நாடி பார்த்தல், காய்ச்சல் அளத்தல், உடம்பு துடைத்துவிடுதல் ஆகியவற்றோடு துணைச் செவிலியர் தொடக்கத்திலேயே பழக வேண்டிய திறன் இது. பக்கவாதத்தில் விழுந்தவர், தண்டுவடம் அடிபட்டவர், நினைவிழந்தவர், தளர்ந்த முதியவர் ஆகியோருக்கு இதைவிட முக்கியமான பணிவிடை வேறில்லை.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கும்போது நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, முழங்கை, பின்மண்டை ஆகிய இடங்களில் புண் முதலில் காணும். கேடு பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குவதால், மேல்தோல் கருக்கும்போது உள்ளே குழி விழுந்திருப்பதுண்டு. தலைமாட்டை அதிகம் உயர்த்தினால் உடல் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்ந்து இரத்தக் குழாய்களை இழுத்து முறுக்கும்.

இப்புண் யார் குற்றம் என்ற வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. உடலியல் அறிஞர் பிரௌன்-செகார் 1850களில் தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளை ஆராய்ந்து, அழுத்தமும் ஈரமும் அண்டாமல் வைத்தால் புண் வருவதில்லை என்று கண்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் குறிப்பு நூலில், படுக்கைப் புண்ணுக்குப் பொதுவாக நோய் காரணமன்று, பணிவிடையின் குறையே காரணம் என்றார். பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஷார்கோவோ நரம்புச் சேதமே புண்ணை வருவிக்கிறது என்று கற்பித்தார். அவர் புகழின் கனத்தால், வருவது வந்தே தீரும் என்ற எண்ணம் மருத்துவரிடையே வேரூன்றியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகளே.

அந்த எண்ணத்தை உடைத்தவர் நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்த இவர், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். போரில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வீரர்களை இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் செய்தார். சாகப்போகிறவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தார்கள். ஆக, நைட்டிங்கேல் சொன்னதே சரியாயிற்று.

புண் யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க, டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் தம் குழுவினரோடு 1962இல் ஐந்து கூறுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 புள்ளிகள்; மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைந்தால் ஆபத்து. 1980களில் வந்த பிரேடன் அளவுகோல் ஈரம், உணவு, உராய்வு ஆகியவற்றையும் சேர்த்தது. இதில் 18க்கு மேற்படாதவரைக் கவனிக்க வேண்டும்.

புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு முதல் நிலை. மேல்தோல் உரிவது இரண்டாவது. கொழுப்பு வரை குழிவது மூன்றாவது. தசையோ எலும்போ தெரிவது நான்காவது. இந்தச் சிவப்பு வெள்ளைத் தோலுக்குச் சொன்னது. நம்மவர் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது எளிதில் கண்ணுக்குப் படாது. புறங்கையால் தொட்டுச் சூடு, கடினம், வலி ஆகியவற்றை அறிய வேண்டும்.

செய்முறை எளியது, ஓய்வில்லாதது. நோயாளியை இழுக்காமல், இருவர் விரிப்போடு தூக்கி, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். நனைந்த துணியை உடனே மாற்றி, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் பார்த்து, புரட்டிய நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது பழைய பழக்கம். நலிந்த திசுவை அது மேலும் கெடுக்கும். நடுவில் துளையுள்ள வளையத் தலையணையும் ஆகாது. காற்று மெத்தை துணைதான். அது வந்துவிட்டதென்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது. பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் போதிய அளவு சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர் படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே சென்று பார்க்கின்றனர்.